மறுவாழ்வு மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்: பட்டம் வாங்கிய பிறகு கற்க வேண்டியவை

பக்கவாதத்தில் வலது கை செயலிழந்த ஒருவர் மறுவாழ்வு மருத்துவமனையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை எழுப்பி நிறுத்தி நடக்கவைப்பது பெரும்பாலும் பிசியோதெரபிஸ்ட்டின் வேலை. சாப்பிடுவது, குளிப்பது, சட்டைப் பட்டன் போடுவது, செல்போனில் பெயரைத் தேடி அழைப்பது, மறுபடி கடைக்குப் போய்க் கல்லாவில் உட்காருவது எல்லாம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் பொறுப்பில் வரும். கைக்கு வலு ஏற்றுவதோடு இவர் வேலை முடிவதில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு, முடியாவிட்டால் அது இல்லாமலே, அந்த மனிதர் தன் நாளை எப்படிக் கழிக்கப்போகிறார் என்று பார்த்து வழி செய்துதர வேண்டும்.

இதற்கென்று படிப்பு உண்டு. இந்தியாவில் முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளியை 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கினார். அப்புறம் அது பட்டப்படிப்பாக வளர்ந்து, நாலரை ஆண்டுப் படிப்பாக நடந்துவந்திருக்கிறது. அதில் கடைசி ஆறு மாதம் உள்ளிருப்புப் பயிற்சி. எந்த நாட்டுப் படிப்பானாலும் குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி இருக்க வேண்டும் என்பது உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் கூட்டமைப்பின் விதி. ஆயிரம் மணி நேரம் என்று கேட்கப் பெரிதாக இருக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டால் 125 நாள்தான். அதற்குள் குழந்தைகள், மனநலம், தீக்காயம், கை அறுவைசிகிச்சை, பக்கவாதம், தண்டுவடம் என்று எல்லாப் பிரிவையும் எட்டிப் பார்த்துவிட வேண்டும். தண்டுவடம் அடிபட்டவர் மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருப்பார். மாணவரோ சில வாரத்தில் அடுத்த பிரிவுக்குப் போய்விடுவார். ஆக, அப்படி ஒரு நோயாளியைச் சேர்க்கை முதல் வீடு திரும்பும் நாள் வரை முழுதாகப் பார்க்காமலே ஒருவர் பட்டம் வாங்கிவிட முடியும்.

அதில் படிப்பின் குற்றம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டுத் தருவதுதான் அதன் வேலை. மறுவாழ்வு மருத்துவமனை கேட்பது அதற்கு மேல் ஒரு தளம். அந்தத் தளத்தில் யாருக்கு என்ன குறைகிறது என்று கண்டுபிடிப்பதைத்தான் பயிற்சித் தேவை மதிப்பீடு என்கிறார்கள்.

விஷயம் எளிமையானது. வேலைக்கு வேண்டிய திறன் ஒரு பக்கம், தெரபிஸ்ட்டிடம் இன்று இருக்கும் திறன் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் பயிற்சித் தேவை. "உங்களுக்கு எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போக ஆசை?" என்று சுற்றறிக்கை விட்டுப் பெயர் வாங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆசைப்படும் வகுப்பு ஒன்றாக இருக்கும், வார்டில் நோயாளிக்கு வேண்டியது வேறாக இருக்கும்.

சரி, அந்த இடைவெளி எப்படி இருக்கும்? தண்டுவட வார்டிலிருந்து ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம்.

கழுத்தில் ஆறாவது நரம்பு மட்டத்தில் அடிபட்டவருக்கு மணிக்கட்டைத் தூக்க முடியும், விரல்களைத் தானாக மடக்க முடியாது. ஆனால் மணிக்கட்டை மேலே தூக்கும்போது, விரல்களை மடக்கும் தசைநாண்கள் இழுபட்டு, விரல்கள் தாமாகவே உள்ளே சுருளும். கட்டைவிரல் வந்து ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒட்டும். மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டால் விரல்கள் விரியும். விரல்களை இயக்கும் தசைகள் செயலிழந்த கையில் இப்படி ஒரு பிடிமானம் கிடைக்கிறது. ஸ்பூன், காகிதம், பல்துலக்கி, பல நேரம் தம்ளரைக்கூட அவர் இந்தப் பிடியிலேயே எடுத்துவிடுவார். இதற்கு டெனோடெசிஸ் பிடி என்று பெயர்.

இந்தப் பிடி அமைய விரல் மடக்கும் தசைநாண்கள் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்க வேண்டும். இங்கேதான் ஆபத்து. மூட்டு இறுகிவிடக் கூடாது, நன்றாக நீட்டிவிட வேண்டும் என்றுதான் புதிதாக வந்த தெரபிஸ்ட் படித்திருப்பார். பொதுவாக அது சரியான பாடம். அவர் அக்கறையோடு தினமும் மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் முழுதாக நிமிர்த்தி நீட்டிவிடுகிறார். சில வாரங்களில் அந்தத் தசைநாண்கள் நீண்டு தளர்ந்துபோகின்றன. மணிக்கட்டைத் தூக்கினாலும் விரல்கள் சுருளுவதில்லை. வாழ்நாள் முழுக்கத் தன் கையால் சாப்பிட்டிருக்க வேண்டியவர் அந்த வாய்ப்பை இழக்கிறார். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மணிக்கட்டு நிமிர்ந்திருக்கும்போது விரல்களை மடித்து வைக்க வேண்டும், மணிக்கட்டு மடங்கியிருக்கும்போதுதான் விரல்களை நீட்ட வேண்டும். சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். ஆனால் தெரபிஸ்ட் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. இரவில் கையைப் பிடித்துவிடும் அம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

அதே வார்டில் உயிருக்கே சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றும் இருக்கிறது. நாள்பட்டுப் படுக்கையிலேயே இருந்தவரை முதல்முதலாக வீல்சேரில் உட்காரவைக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, கண் இருட்டி, மயக்கம் வரலாம். அப்போது நாற்காலியைப் பின்னால் சாய்த்துத் தலையைத் தாழ்த்த வேண்டும். நெஞ்சுப் பகுதியின் ஆறாவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு நேர் எதிரான ஆபத்தும் வரும். சிறுநீர் வெளியேறப் போட்டிருக்கும் குழாய் மடங்கி அடைபட்டால், மலம் இறுகினால், உடை எங்காவது இறுக்கினால்கூட ரத்த அழுத்தம் தாறுமாறாக எகிறும். தலை வெடிப்பதுபோல வலிக்கும், முகம் சிவக்கும், அடிபட்ட இடத்துக்கு மேலே வியர்த்துக் கொட்டும். இவரைப் படுக்கவைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்காரவைத்து, இடுப்பு வாரையும் சிறுநீர் சேரக் காலில் கட்டிய பையின் பட்டையையும் தளர்த்தி, குழாய் எங்கே மடங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிட வேண்டும். இரண்டு நிலையும் தெரபி அறையிலேயே வரக்கூடியவை, இரண்டிலும் நோயாளி "ஒரு மாதிரி இருக்கிறது" என்றுதான் சொல்லுவார். எது எது என்று சில நொடிகளில் பிரித்தறியும் திறன், திரும்பத் திரும்பச் செய்து பழகினால்தான் வரும். புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதியது அந்த நேரத்தில் கைகொடுக்காது.

பக்கவாதப் பிரிவில் தேவைகள் வேறு மாதிரி. மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் வராது. இலையில் வலது பாதியில் உள்ளதை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் சோறு வேண்டும் என்று கேட்பார்கள். இடது பாதியில் பரிமாறியது அப்படியே இருக்கும். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்திருப்பார்கள். வீட்டார் இதைப் பிடிவாதம் என்றோ கண் பார்வைக் கோளாறு என்றோ எடுத்துக்கொள்வார்கள். இதைச் சோதிக்க எளிய தாள் சோதனைகள் உண்டு. ஆனால் தாளில் தேறியவர்கூடச் சாலையைக் கடக்கும்போது இடப்பக்கம் வரும் பைக்கைக் கவனிக்காமல் போகலாம். அதனால் உண்மையான வேலையைச் செய்யவைத்துப் பார்க்கும் பழக்கம் தெரபிஸ்ட்டுக்கு வேண்டும். கை செயலிழப்பது கண்ணுக்குத் தெரியும், கவனமும் நினைவும் திட்டமிடலும் பழுதானால் சட்டென்று தெரியாது. என் கருத்தில் மறுவாழ்வு மருத்துவமனைகளில் மிக அதிகமாக விட்டுப்போகும் பயிற்சி இந்த அறிவாற்றல் பகுதிதான்.

எந்தச் சிகிச்சை யாருக்குப் பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பதும் ஒரு திறன். நல்ல கைக்கு உறை போட்டுவிட்டு, பாதித்த கையாலேயே எல்லாம் செய்யவைக்கும் முறைக்கு நல்ல ஆய்வு ஆதாரம் இருக்கிறது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது விரிக்க முடிகிறவருக்குத்தான் அது பொருந்தும். கையே அசையாதவருக்கு அதைச் செய்தால் அவருக்கு மிஞ்சுவது தோல்வி உணர்வுதான். அவருக்குக் கண்ணாடி சிகிச்சை உதவலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கை இன்னும் இருப்பதுபோல வலிக்கிறது என்றவர்களுக்காக 1990களில் கொண்டுவந்த யோசனை இது. பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. கண்ணாடியை நடுவில் நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் பாதித்த கை இருக்கும் இடத்தில் தெரியும்படி வைத்து அசைக்கச் சொல்கிறார்கள். கடையில் வெட்டி வாங்கும் கண்ணாடியே போதும். ரோபோ வாங்க வசதியில்லாத மாவட்டத் தலைநகர் மருத்துவமனையிலும் இதைச் செய்யலாம், முறையாகச் செய்யத் தெரிந்தவர் இருந்தால்.

பெயர் பெற்ற சில சிகிச்சை முறைகளுக்கான சான்றிதழ் வகுப்புகளுக்கு இளம் தெரபிஸ்ட்டுகள் பெரிய தொகை கட்டுகிறார்கள். அவற்றில் ஒன்று, தெரபிஸ்ட் தன் கையால் பிடித்து நோயாளியின் அசைவுகளை வழிநடத்தும் போபாத் முறை. பக்கவாதத்துக்கு அது மற்ற முறைகளைவிட மேலானது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களால் நிறுவ முடியவில்லை. நோயாளி செய்ய விரும்பும் வேலையையே பல நூறு தடவை திரும்பச் செய்யவைக்கும் பயிற்சிக்கு அதைவிட உறுதியான ஆதாரம் இருக்கிறது. அதற்கு ஆடம்பரமான பெயரோ சட்டம் போட்டு மாட்டும் சான்றிதழோ இல்லை என்பதால் அது ஒதுக்கப்படுவது வருத்தமாக இருக்கிறது. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து இது நம்பத்தக்கதா, என் நோயாளிக்குப் பொருந்துமா என்று எடைபோடத் தெரிவதையும் பயிற்சித் தேவைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அது தெரிந்தால் மற்றப் பயிற்சிகளில் எதற்குப் பணம் கட்டலாம் என்பது தானாகத் தெளிவாகும்.

நம் வீட்டுக்கு ஏற்ற பயிற்சி

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எழுதப்பட்டவை. அவற்றில் நோயாளி குளியல் தொட்டிக்குள் இறங்கப் பழகுவார், முள்கரண்டியும் கத்தியும் பிடிப்பார், வேலை செய்யும் சமையல் மேடை நின்ற உயரத்தில் இருக்கும். நம் நோயாளிக்கு வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டும். ஒரு கையால் லுங்கியை இறுக்கிக் கட்ட வேண்டும், புடவைக்கு மடிப்பு வைக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். கழிப்பறையில் குந்த வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவரைக் குந்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினால் போதாது. வீட்டில் இருப்பது இந்தியக் கழிப்பறை ஒன்றுதான் என்றால், அதன் மேல் வைக்கும் கம்மோடு நாற்காலி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், கைப்பிடியை எந்தச் சுவரில் அடிக்க வேண்டும் என்பதுவரை பேசி முடிக்க வேண்டும்.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வலது கை போனவரை இடது கையால் சாப்பிடப் பழக்குவது சிகிச்சை அறையில் சாதாரண விஷயம். பந்தியில் அது சாதாரணம் இல்லை. பலர் அதற்குப் பதில் மனைவி ஊட்டிவிடட்டும் என்று இருந்துவிடுவார்கள். தடித்த கைப்பிடி போட்ட ஸ்பூனை வலது கையிலேயே கட்டிக்கொடுக்கலாமா, இடது கையில் ஸ்பூன் பிடிக்க அவருக்குச் சம்மதமா என்று அவரிடமும் குடும்பத்தாரிடமும் கேட்டுப் பேசி முடிவெடுக்கத் தெரிய வேண்டும். இந்தப் பேச்சுத் திறனையும் பயிற்சியாகக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

வீட்டுக் கதவும் அப்படித்தான். சாதாரண வீல்சேர் 60 சென்டிமீட்டருக்கு (சுமார் இரண்டு அடிக்கு) மேல் அகலம் இருக்கும். நம் வீடுகளில் குளியலறைக் கதவு இரண்டு அடி, மிஞ்சினால் இரண்டரை அடி. இதை அளக்காமல் நோயாளியை அனுப்பிவிட்டால், மருத்துவமனையில் தானே குளித்தவர் வீட்டுக்குப் போனதும் படுக்கையிலேயே துடைத்துக்கொள்ளும் நிலைக்குத் திரும்பிவிடுவார். வீல்சேரைப் பொறுத்தவரை இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இடுப்பு அகலம், தொடை நீளம், மெத்தை இவற்றைப் பார்த்துப் பொருத்தாத நாற்காலி படுக்கைப் புண்ணுக்கு நேர் வழி. உலக சுகாதார நிறுவனம் 2012இல் வீல்சேர் சேவைக்கான அடிப்படைப் பயிற்சித் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

மனசும் இதில் அடக்கம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. "இன்றைக்கு வேண்டாம் சார், முடியவில்லை" என்பதைச் சோம்பல் என்று எண்ணி அதட்டுவதா, மனநல மருத்துவரிடம் அனுப்புவதா என்று தெரபிஸ்ட்டுக்குத் தெரிய வேண்டும். தண்டுவடம் அடிபட்ட இளைஞர் தாம்பத்தியம் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்கும்போது பேச்சை மாற்றிவிடும் தெரபிஸ்ட்டுகளே அதிகம். கூச்சம் இயல்பு. குறைந்தபட்சம் அந்தக் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்டு, சரியான ஆளிடம் அனுப்பும் அளவுக்காவது பயிற்சி வேண்டும்.

தேவையை எப்படிக் கண்டுபிடிப்பது?

தெரபிஸ்ட்டுகளிடமே கேட்பது முதல் வழி. பிரிட்டனில் உருவான ஹென்னஸி-ஹிக்ஸ் கேள்விப்பட்டியல் இதற்குப் பல நாடுகளில் பயன்படுகிறது. அதில் 30 பணிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை ஏழுக்கு மதிப்பெண் போட வேண்டும்: இது உங்கள் வேலைக்கு எவ்வளவு முக்கியம், இதை இப்போது நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள். முக்கியம் என்பதில் ஏழு போட்டு, செய்வதில் மூன்று போட்டால் அங்கே பெரிய இடைவெளி இருக்கிறது என்று பொருள். எல்லாச் சுகாதாரப் பணிக்குமான பட்டியல் என்பதால், கை ஸ்பிளிண்ட் (கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் அச்சு) செய்வது, வீட்டைப் போய்ப் பார்ப்பது போன்ற நம் வேலைக்கே உரியவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். மறுவாழ்வுப் பணியாளருக்கு என்னென்ன திறன் வேண்டும் என்று வகுத்துச் சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் மறுவாழ்வுத் திறன் சட்டகமும் எதையெல்லாம் கேட்கலாம் என்பதற்கு நல்ல ஆதாரம்.

ஆனால் தனக்கு என்ன தெரியவில்லை என்பதே தெரியாதவர் அதைத் தாளில் எழுத முடியாது. விரலை நீட்டிவிட்ட அந்தப் புதியவர் தனக்கு ஏழுக்கு ஆறு போட்டுக்கொண்டிருப்பார். எனவே மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று வேலையைப் பார்க்க வேண்டும். குறிப்பேடுகளையும் புரட்ட வேண்டும். உதாரணமாக, அன்றாடச் செயல்களை அளக்கும் 'பார்த்தல்' (Barthel) என்ற அளவுகோலில் பத்து விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டு நூறுக்குக் கணக்கிடுகிறார்கள். ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் ஒருவர் 45, இன்னொருவர் 65 போட்டிருந்தால், அந்தத் துறையின் முன்னேற்றக் கணக்கு முழுவதையும் சந்தேகப்பட வேண்டும்; முதலில் எல்லோரும் ஒன்றுபோல மதிப்பெண் போடப் பழக வேண்டும். இவ்வளவுக்கும் மேல், வீட்டுக்குப் போன நோயாளியையும் அவரைப் பார்த்துக்கொள்பவரையும் கேட்க வேண்டும். பல மருத்துவமனைகள் இதைச் செய்வதே இல்லை.

இப்படிக் கண்டுபிடித்த குறைகளில் எல்லாமே பயிற்சியால் தீருபவை அல்ல. ஸ்பிளிண்ட் செய்ய நன்றாகத் தெரிந்தவரிடம் தெர்மோபிளாஸ்டிக் ஷீட்டும் அதை இளக்கும் வெந்நீர்த் தொட்டியும் இல்லை என்றால், வாங்கித் தர வேண்டும், வகுப்புக்கு அனுப்பிப் பயனில்லை. ஒரே காலையில் பதினைந்து பேரைப் பார்க்கச் சொன்னால் எந்தப் பயிற்சி பெற்றவரும் சாப்பிடவும் உடுத்தவும் கற்றுத்தர மாட்டார், கையை நாலு தடவை அசைத்துவிட்டு அனுப்புவார். ஆள் பற்றாக்குறையைப் பயிற்சிக் குறை என்று எழுதிவைப்பது தெரபிஸ்ட்டின் மேல் பழியைப் போடுவதுதான்.

தீருபவற்றுக்கு என்ன வழி? ஒரு நாள் கருத்தரங்கு அறிவைக் கொஞ்சம் கூட்டும், கையின் பழக்கத்தை அதிகம் மாற்றாது. ஸ்பிளிண்ட் செய்வதை எடுத்துக்கொண்டால், ஷீட் இளகிச் சில நிமிடத்துக்குள் கையில் வைத்து வளைத்து, விரல் கணுக்களில் அழுத்தாதபடி வடிவம் கொடுத்துவிட வேண்டும். பார்த்துக் கற்கிற விஷயம் இல்லை அது. மூத்தவர் அருகில் இருக்க, செய்து செய்து வருவது. வாரம் ஒரு மணி நேரம் ஒரு நோயாளியை எடுத்துவைத்துத் துறையில் எல்லோரும் பேசுவது, பக்கவாதப் பிரிவில் இருப்பவரை ஆறு மாதம் தண்டுவடப் பிரிவுக்கு மாற்றுவது, தேர்ந்த மையத்துக்குச் சில மாதம் அனுப்பிவைப்பது ஆகியவை செலவு குறைவான, பலன் மிகுந்த வழிகள்.

அனுப்பிவைப்பதன் பலனுக்கு நம்மூரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவ முன்னோடி ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் வந்தது. அவர் மருத்துவர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அல்ல. ஆனாலும் ஓர் ஆள் போய்க் கற்றுவந்ததில் எத்தனை நோயாளிகளின் வாழ்க்கை மாறும் என்பதற்கு வேறு அத்தாட்சி தேட வேண்டியதில்லை.

சில நாடுகளில் இப்படித் தொடர்ந்து கற்பதற்குச் சட்டப் பிடிமானமும் உண்டு. பிரிட்டனில் தெரபிஸ்ட்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது ஒரு பகுதியினரைப் பொறுக்கி, இந்த இரண்டு ஆண்டில் என்ன கற்றீர்கள், அதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று எழுதிக்காட்டச் சொல்கிறார்கள். இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளையும் தேசியப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது.

பயிற்சி முடிந்ததும் பங்கேற்றவர்களிடம் கருத்துப் படிவம் வாங்கி, சாப்பாடு நன்றாக இருந்தது என்பதோடு கோப்பை மூடிவிடுவது பல இடங்களில் வழக்கம். மூன்று மாதம் கழித்து நோயாளியின் வீட்டுக்கு ஒரு போன் போட்டால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். யார் ஊட்டிவிடுகிறார்கள், குளிக்கத் துணை வேண்டியிருக்கிறதா, கொடுத்தனுப்பிய ஸ்பிளிண்ட்டை இன்னும் போடுகிறாரா என்று மூன்று கேள்வி கேட்டுக் குறித்துவைத்தால், அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கான பட்டியல் அதிலிருந்தே கிடைக்கும்.